பேரனுக்கு வைத்த பேர்

மகன் குடும்பத்தைக் கொடைரோட்டில் ரயிலேற்றிவிட்டு வந்த வயதான தம்பதி, பஸ்ஸில் என் முன்சீட்டில் பேசிக்கொண்டார்கள்.

"இம்புட்டு நாள்ல பேரனப் பேரு சொல்லி நீ ஒரு தடவகூடக் கூப்பிடலயே?"

"உங்க பேரையில்ல வச்சிருக்கு. புருசன் பேர எப்பிடிச் சொல்ல?"

"ஞானஸ்நானத்துல சாமியாரு அம்புட்டுச் சத்தமாச் சொன்னாரு."

"அவருக்கென்ன, சொல்லுவாரு. கொடைக்கானல்ல படகுல போனப்பவும் அப்பு, அப்புன்னுதேன் கூப்பிட்டேன். அதுக்கே அப்பிடிச் சிரிச்சான்."

பஸ் சின்னாளபட்டியைத் தாண்டியது.

"ரயிலு இந்நேரம் வடமதுரை தாண்டியிருக்கும். இப்பவாவது கூப்பிடு."

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, "சவரிமுத்து" என்றார். பிறகு இன்னொரு தடவை, ரயிலுக்குக் கேட்கிற மாதிரி.

பக்கத்திலிருந்த பெரிய சவரிமுத்து இரண்டு தடவையும் திரும்பிப் பார்த்தார்.