யாருக்குக் கருமாதி

அத இன்னொரு வாட்டி போடுங்களேன் சார். இப்ப பாத்து சிரிச்சிகினு வந்தீங்களே, செத்தவன் திரும்பி வந்த வீடியோ. சத்தம் வேணாம், படம் மட்டும் போதும். என்னுது பட்டன் போனு, அதுல இதெல்லாம் வராது.

ஓ, யாரோ கூப்புடறாங்களா? பேசுங்க, பேசுங்க. ஜல்தி இல்ல. பஸ்சு சேத்துப்பட்டு போவ இன்னும் நேரம் கீது. நானும் அங்க தான் எறங்கறேன்.

ஆரணி தான் சார். பவுல்துரைன்னு பேரு. வூட்டுலயே ரெண்டு தறி போட்டுகீறோம், பட்டு. ஒண்ணு ஓடுது. ஒண்ணு இப்ப சும்மா கீது.

இன்னா பாக்கறீங்க, என் பட்டனையா? ஆமா, வெள்ள சட்டைக்கு அரக்கு நூலு. எங்க வூட்டுல பட்டன் பிச்சிகினா நூல் வாங்க கடைக்கு போவ மாட்டாங்க. தறியில மீந்த பட்டு இழை கெடக்கும். ஜெபராணி, என் சம்சாரம், அதுலயே தச்சி குடுத்துடுவா. சர்ச்சுல கிண்டல் பண்ணுவாங்க, பவுலுக்கு பட்டன் மட்டும் பட்டு, சட்ட தள்ளுபடின்னு.

இந்த மாதிரி சேதின்னா நான் விட மாட்டேன் சார். பேப்பர்ல ஓரமா கட்டம் கட்டி போடுவாங்களே, அத தான் மொதல்ல படிப்பேன். கலசப்பாக்கத்துல ஒருத்தன் செல்போன் டவர்ல ஏறிகினு பிரியாணி குடுத்தா தான் எறங்குவேன்னான், படிச்சீங்களா? கீழ ஊரே நிக்குது. லெக் பீஸ் வேணுமா, தயிர் வெங்காயம் வேணுமான்னு கத்தறாங்க. சேதி கேட்டு நான் போறதுக்குள்ள எறக்கிட்டாங்க. ஆசுபத்திரியில போயி பாத்துட்டு வந்தேன். நாப்பது வயசு ஆளு அது.

ஆமா, போனேன். பஸ்சு கீது, போறதுக்கு இன்னா.

திருமலையில ஒருத்தன் படியில ஒக்காந்துகினு, ஏறி வரவங்களுக்கெல்லாம் மார்க்கு போட்டான். நீ நல்லா ஏறன, எழுவது. நீ மூச்சு வாங்கற, பெயிலு. ஜனங்க இன்னா பண்ணாங்க தெரியுமா? பெயிலானவங்க கீழ எறங்கி மறுபடியும் ஏறி வந்தாங்க. வரிசையில நின்னாங்க சார். நானும் நின்னேன். எனக்கு அறுவது போட்டான். கிட்ட போயி மொகத்த பாத்துட்டு எறங்கிட்டேன். வேலூர்ல ஒரு துணிக்கடையில பொம்மைங்க நடுவுல ஒரு ஆளு அசையாம நின்னுகினு இருந்தானாமே, அதுக்கும் போயிருந்தேன்.

சும்மா தான் சார். பாத்துட்டு வந்தா அன்னிக்கு ராத்திரி கொஞ்சம் தூக்கம் வரும். வேற ஒண்ணும் இல்ல.

வீடியோ வந்துடுச்சா? கொஞ்சம் இப்பிடி சாய்ங்க, வெயிலடிக்குது.

அந்தம்மா தான் ஆதிலட்சுமி. புருசன் வேடியப்பன், பொண்டாட்டியோட சண்ட போட்டுகினு பெங்களூருக்கு போயிட்டான். போன ஆப் பண்ணிட்டான். அப்பால ஒரு கெணத்துல ஒடம்பு ஒண்ணு கெடச்சிது. நாலஞ்சு நாளு தண்ணியில கெடந்த ஒடம்பு, மொகத்துல இன்னா அடையாளம் இருக்கும்? சட்டைய பாத்தாங்க. எங்க வூட்டு ஆளோட சட்டதான்னு அந்தம்மா அழுதுச்சாம். கொண்டாந்து பொதச்சிட்டாங்க.

பதினாறாம் நாளு பந்தல் போட்டு, வட பாயாசம் எல்லாம் பண்ணி, படையல் வெச்சிகினு கீறாங்க, இவன் பையோட வந்து எறங்கறான். பந்தல பாத்துட்டு, யாருக்குக் கருமாதின்னு கேக்கறான். தோ, இந்த எடம். எல்லாரும் ஓடறாங்க பாருங்க. அந்த ஆளு வேட்டிய உட்டுட்டு ஓடறான். வேடியப்பன் இன்னா பண்றான், மாலை போட்ட அவன் போட்டோவ பாத்துட்டு, இந்த போட்டோல நான் நல்லாவே இல்லியேங்கறான். அப்பால பந்தியில ஒக்காந்து சாப்புட்டானாம். அவன் கருமாதி சோத்த அவனே சாப்புட்டான்னு டீக்கடையில ரெண்டு நாளா இதே பேச்சு. வட எப்பிடி இருந்துச்சுன்னு யாராவது கேட்டாங்களான்னு ஒருத்தன். இனிமே அவன் கடன்காரன் யாருகிட்ட போயி கேப்பான்னு ஒருத்தன். போட்டோக்கு பக்கத்துல அவன நிக்க வெச்சி ஊரே செல்பி எடுத்துச்சாம்.

இங்க. இங்க நிறுத்துங்க சார். நிறுத்த வருமா? ஆங்.

வேடியப்பன் இன்னா சட்ட போட்டுகீறான்? நீலத்துல வெள்ளப் பூ. இப்ப போட்டோவுக்கு கீழ பாருங்க, படையல்ல. செத்தவங்க துணிய தொவச்சி மடிச்சி வெப்பாங்க இல்ல, அது. அதுவும் நீலத்துல வெள்ளப் பூ. கெணத்துலருந்து எடுத்த ஒடம்புல இருந்த சட்ட அது. அந்தம்மா இஸ்திரி போட்டு வெச்சிகீது. யாருதுன்னே தெரியாம எவ்வளோ சுத்தமா மடிச்சி வெச்சிகீது பாருங்க.

செத்தவன் அதே சட்டையோட எழுந்து வந்துட்டான்னு தான் எல்லாரும் சொல்றாங்க. அப்பிடி இல்ல சார். சேத்துப்பட்டுல நெடுஞ்செழியன்னு ஒரு பையனுக்கு சித்திரையில கல்யாணம். கூட்டாளிங்க ஒம்போது பேரும் ஒரே துணி எடுத்து ஒரே மாதிரி தச்சிகினாங்க. இப்பல்லாம் எல்லா கல்யாணத்துலயும் அப்பிடிதானே நிக்கறாங்க. வேடியப்பன் அதுல ஒருத்தனா இருப்பான்.

இத பெருசாக்க வருமா? அந்த சட்டைய மட்டும். மேலருந்து ரெண்டாவது பட்டன்.

எனக்கு கண்ணு சரியா தெரியாது, நீங்க சொல்லுங்க. மத்ததுக்கெல்லாம் வெள்ள நூலு, சரி. அதுக்கு?

செவப்பு மாதிரியா. அரக்கு மாதிரியா.

போன்ல கலர நம்ப முடியாது சார். நேர்ல வெச்சி பாக்கணும். சாயம் ஒரு வாட்டி போட்டது மறு வாட்டி அப்பிடியே வராது, பக்கத்துல பக்கத்துல வெச்சா தெரிஞ்சிடும். அதுக்காவ தான் இந்த சட்டைய போட்டுகினு வந்தேன். ரெண்டு பட்டனையும் ஜெபராணி ஒரே நாள்ல, ஒரே இழையில தச்சா. அந்த கல்யாணத்துல டான்ஸ் ஆடி அவன் பட்டன பிச்சிகினு வந்தான். அவனுக்கு தைக்கும்போது உங்களுதும் கழட்டி குடுங்கன்னா.

ஜோபின். எங்க பையன். ஒரே பையன் தான்.

அப்பால ஒரு மாதிரி ஆயிட்டான் சார். தறியில ஒக்காந்தா எழுந்திருக்க மாட்டான், எழுந்தா ஒக்கார மாட்டான். தனியா பேசிகினு இருப்பான். ரெண்டு மாசம் ஆவுது வூட்ட விட்டு போயி. போவும்போது போட்டுகினு போனது அந்த கல்யாண சட்ட தான். அதான் எங்கனா ஒருத்தன் மரத்துல ஏறினான், மலையில ஒக்காந்தான்னு சேதி வந்தா, நம்ம பையனா இருக்குமோன்னு போயி பாப்பேன். மார்க்கு போட்டவன் இவனா இருந்தா நல்லா இருந்திருக்கும்.

இப்ப போலீஸ் விசாரிக்கறாங்கன்னு கடைசியா ஒரு வரி போட்டுகீறாங்களாம். பொதச்சது யாரன்னு. அத யாரும் பெருசா பேசல. வந்தவன பாக்கறதுக்கே ஜனங்களுக்கு நேரம் சரியா போச்சு. நான் மொதல்ல அந்தம்மா வூட்டுக்கு போயி சட்டைய பாக்கறேன். அப்பால ஸ்டேஷன்.

ஏன் சார் போன மூடிட்டீங்க? நீங்க ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்க. சிரிக்கற சேதிதானே. டீக்கடையில காட்டினப்போ நானும் சிரிச்சேன், கண்ணுல தண்ணி வர சிரிச்சேன். சட்ட ரெண்டு கீதேன்னு வூட்டுக்கு வந்து தான் எண்ணினேன்.