கிட்டார்தான் ஏறி வந்தது

இல்லை. அது மரியாதை ஆகாது.

மேடையில் இருக்கும் பங்குத்தந்தை அவர்களே, திருவிழாக் குழுவின் பெரியவர்களே, துறைமுகத் தோழர்களே, ரெக்ஸ் அண்ணனின் வீட்டாரே, வணக்கம்.

எனக்கு முன் பேசியவர் சொன்னார்: ரெக்ஸின் நினைவாக இந்த ஆண்டு சப்பரப் பவனியில் கிட்டார் வேண்டாம், பேக்பைப்பும் டிரம்மும் போதும், பாரம்பரியம் தெரிந்தவர்கள் அதைத்தான் விரும்புவார்கள் என்று.

யார் அந்தப் பாரம்பரியம் தெரிந்தவர்கள்?

ரெக்ஸ், எங்கள் பேண்டை நடத்திய பைப் மேஜர். வயது நாற்பத்தொன்று. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். போன வியாழக்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சுவலி. அவ்வளவுதான்.

பைப்போடு கிட்டாரையும் சேர்த்து எங்கள் பேண்டைத் தொடங்கியபோது ஒரு தவறு செய்தோம். பைப்பின் சுருதி கிட்டாரைவிடச் சுமார் அரைச் சுரம் மேலே நிற்கும். அதை இறக்க, குழலின் துளைகளில் டேப் ஒட்டினோம். சுருதி கொஞ்சம் இறங்கியது. குரல் செத்தது. ரெக்ஸ் அண்ணன் ஒவ்வொரு டேப்பாக உரித்தார். "ஏளா, இது எறங்காது. நாம ஏறுவோம்" என்றார். கிட்டார் வாசிக்கும் நேசக்குமார் கம்பிகளை முறுக்கினார். இரண்டு அறுந்தன. மூன்றாவது நின்றது.

பிறகு கீழவைப்பார் திருவிழா. ராணுவ பேண்டில் இருபது வருடம் பைப் ஊதிய வேதமணி அண்ணாச்சி முன்வரிசையில் எழுந்து கத்தினார்.

"ஏலே ரெக்ஸு! அந்த டொங்கு டொங்க நிறுத்துலே!"

"நீங்க பைப்ப மட்டும் கேளுங்க அண்ணாச்சி. ஒரு சுரம் தப்புனா கிட்டாரக் கடல்ல போட்டுருதேன்."

அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தார்.

"பைப்ப எறக்கலையேலே நீ!"

"இல்ல. கிட்டார்தான் ஏறி வந்திருக்கு."

"சரிதான். ஆனா அந்த டிரம் அடிக்குத பய தாளத்த விட்டு முன்னால ஓடுதான்."

அந்தப் பய நான்தான்; கண்ணை மூடிக் கேட்டவருக்கு அடிப்பது பெண் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பயிற்சிக்கு வந்து என்னைத் திட்டுகிறார்.

அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார். கேளுங்கள் அவரிடம்! பழைய மெட்டில் ஒரு சுரத்தையாவது ரெக்ஸ் விட்டாரா? சத்தத்துக்குப் பயந்து மெட்டைக் குறைத்தாரா? உயிரோடு இருந்தபோது எவருக்காகவும் இறக்காததை, இறந்துவிட்டார் என்பதற்காக நாங்கள் இறக்குவோமா?

மாட்டோம்!

பைப்பை இனி யார் ஊதுவது என்பீர்கள். இன்று காலை அண்ணாச்சியைக் கேட்டேன்.

"எனக்கு எழுபத்தொண்ணு. ஊதுதேன். ஆனா கிட்டார் சத்தமா இருக்கணும்ளா. இல்லேன்னா நான் வாங்குத மூச்சுல்லா ஊருக்குக் கேக்கும்!"

பவனியில் நடப்போம். அதே சுருதியில். நன்றி.

(பேசி இறங்கிய பொன்செல்வி, திருவிழாக் குழுவின் மேசைக்குப் போய், வாத்தியப் பட்டியலில் அடித்துவிடப்பட்டிருந்த கிட்டாரை மறுபடி எழுதினார்.)