ஜதுஷனின் சிலிண்டர்

வால்வு இறுகிப்போவது பெரிய விஷயமில்லை. துன் ஏரிக்கரையில் நான் வேலை செய்யும், நீரில் மூழ்குவோருக்கான கடைக்கு அப்படிக் காற்றுச் சிலிண்டர்கள் அடிக்கடி வரும். உள்ளே காற்று இல்லை என்று நிச்சயமானால், பெரிய ஸ்பனர் போட்டுத் திருப்பக் கழன்றுவிடும். கழற்றுகிறவனே அதைச் சோதிக்க வேண்டும் என்பது பட்டறை விதி.

ஜதுஷன் என் மகள் மாயாவைக் கட்டவிருந்தவன். நல்ல பொடியன், அதில் எனக்கு மறுப்பில்லை. ஊரில் எந்தப் பக்கம் என்று முதல் நாள் கேட்டேன். சுவிஸில் பிறந்தவன், ஒளிக்கத் தெரியாது. அப்பப்பாவின் வீடு இருந்த ஒழுங்கையையும் சேர்த்துச் சொன்னான். அந்த ஒழுங்கையில் இருந்த ஆட்களுக்கு எங்கள் வீட்டில் சிரட்டையில்தான் தண்ணீர் கொடுத்தோம். உங்கள் மொழிபெயர்ப்பாளருக்கு இது விளங்கும். அவர் முகத்திலேயே தெரிகிறது.

நான் சாதி பார்க்கிறவன் அல்ல. தமிழ்ச் சங்க மேடையில் அதை எதிர்த்துப் பேசியிருக்கிறேன். அதனால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சம்மதம் என்றேன். தாலிக்கான பொன்னுருக்குக்கு நாளும் குறித்தார்கள்.

அதற்கு முந்திய சனிக்கிழமை, யாரிடமோ வாங்கிய பழைய சிலிண்டர் ஒன்றை அவன் பட்டறைக்குக் கொண்டுவந்தான்.

"மாமா, வால்வைக் கழட்ட ஏலாமக் கிடக்கு. குமிழைத் திறந்தாலும் காத்து வரேல்லை. வெறுமைதானே?"

தூக்கிப் பார்த்தேன். வெறும் சிலிண்டரின் பாரம் கைக்குத் தெரியும். இது அதைவிடக் கனத்தது. வால்வின் உள்குழாயில் துரு அடைத்திருக்க வேண்டும், காற்று முழுவதும் உள்ளேதான். அந்த அழுத்தத்தால்தான் வால்வும் இறுகியிருந்தது. அப்படியே கழற்றினால் வால்வு துப்பாக்கிக் குண்டு போலப் பாயும்.

"ஓம், வெறுமைதான். நான் பாத்திட்டன். தோள் நோகுது, நீயே கழட்டு. நான் கோப்பி போட்டுக்கொண்டு வாறன்" என்றேன்.

ஒரு சுவிஸ்காரன் என்றால் என் சொல்லைக் கேட்டுவிட்டுத் தானும் ஒருமுறை சோதித்திருப்பான். அவன் சோதிக்கவில்லை. மாமா பார்த்ததைத் திரும்பப் பார்ப்பது மரியாதையில்லை என்று நினைத்திருப்பான். நினைப்பான் என்று எனக்குத் தெரியும்.

கோப்பி இயந்திரம் நின்ற பிறகும் ஸ்பனர் சத்தம் கேட்டது. கூப்பிட்டு நிறுத்த நேரம் இருந்தது. சீனி போட்டேன். அவனுக்கு இரண்டு கரண்டி.

முகத்தை மூடித்தான் காட்டினார்கள். விபத்து என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. நேற்று மாயா என் பக்கத்தில் வந்து இருந்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, கோப்பி போடப் போனபடியால்தான் நீங்களாவது மிஞ்சினீங்கள். உங்கட பேரில ஒரு அர்ச்சனை செய்வம், வாங்கோ."

கோயில் வாசல் வரை போனேன். உள்ளே போகக் கால் வரவில்லை. அதனால்தான் பொலிஸில் உங்களிடம் வந்தேன். ஜதுஷனை நான்தான் கொன்றேன். தெரிந்தே கொன்றேன். எத்தனை வருடம் என்றாலும் இருக்கிறேன்.

ஒரேயொரு உதவி. காரணத்தை மட்டும் எழுதாமல் விட முடியுமா? எம்மன்புரூக்கே நகரில் மாயாவுக்கு ஒரு இடம் பேசிக்கொண்டிருக்கிறோம். நல்ல குடும்பம். எங்கள் ஆட்கள்தான்.