மூணாவது டப்பா

ராத்திரி ஒண்ணே முக்கால். ஊருக்கு வெளிய, பாலத்துக்கு அடியில போற ரோடு… ஒரு லாரி கூட இல்ல. ஒருத்தர் மட்டும் காரை ஓட்டிக்கிட்டு வர்றார். பக்கத்து சீட்டுல துண்டு சுத்தின சின்னப் பித்தளை டப்பா. சீட் பெல்ட்டை அதுக்குப் போட்டிருக்கார், தனக்குப் போடல.

டப்பாவுக்குள்ள இருந்து சத்தம் வருது. டக்… டக்… நகத்தால தட்டற மாதிரி. "இதோ வீடு வந்துருச்சு கண்ணு"ன்னு சொல்லிக்கிட்டே ஓட்டறார்.

யாருன்னு கேக்கறீங்களா? என் மச்சானோட சகலை. போலீஸ்காரர். மாந்திரீகக் குற்றப் பிரிவு. சிரிக்காதீங்க, பெரிய ஊர்ல எல்லாத்துக்கும் ஒரு பிரிவு இருக்கு. இவங்களது நாலாவது மாடி, லிஃப்ட் அங்க நிக்காது. வேலை அப்படிங்கறதால காதுல எப்பவும் பஞ்சு வச்சிருப்பார். அதனால ஆபீஸ்ல அவருக்குப் பேரே பஞ்சுதான்.

அந்த வருஷம் ஒருத்தன் ஊருக்குள்ள குரல் திருடிக்கிட்டு இருந்தான். பஸ்ல பக்கத்துல உக்காருவான், மணி கேப்பான். பதில் சொல்ல வாயைத் திறந்தா… அவ்வளவுதான். அப்புறம் அவங்க தொண்டையில இருந்து காத்து மட்டும்தான் வரும். சாப்பாடு இறங்காது. குரல் போனவங்க யாரும் மூணு மாசம் தாண்டினதில்ல.

அஞ்சாவதா போனது பஞ்சுவோட பொண்ணு குரல். எட்டு வயசு. இந்தக் கேஸை இவர்தான் பார்க்கறார்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

ரெண்டரை மாசம் தூங்காம அலைஞ்சு அவனைப் பிடிச்சுட்டார். இவங்க வழக்கம் என்னன்னா, விலங்கு அப்புறம்தான், முதல்ல அவன் குரலை வாங்கி டப்பாவுல அடைச்சிரணும். வாய் இருந்தா மந்திரம் வரும்ல. ஆக, திருட்டுக் குரல் அஞ்சு, அவன் குரல் ஒண்ணு, மொத்தம் ஆறு டப்பா. ஒரே மாதிரி டப்பா, ஒரே மாதிரி அரக்கு சீல். பேரு எழுத மாட்டாங்க, நம்பர்தான். எது யாருதுன்னு கோர்ட்ல பூட்டி வச்ச சீட்டுலதான் இருக்கும். பிடிச்சவருக்கே தெரியாது.

தீர்ப்பு வந்தாத்தான் டப்பா கைக்கு வரும். வாய்தா ஒரு மாசம் தள்ளிப் போச்சு. வீட்ல பொண்ணு எலும்பும் தோலுமா கிடக்கு. ஸ்பூன்ல குடுக்கற தண்ணி கடைவாய் வழியா வழியுது. பெத்தவர் என்ன பண்ணுவார்? டப்பாவெல்லாம் வச்சுப் பூட்டின ஆபீஸ் ரூமோட சாவி அவர்கிட்டதான் இருந்துச்சு.

அவங்க பிரிவுல ஒரு சட்டம் உண்டு. குரலை அடையாளம் காட்டணும்னா எல்லா டப்பாவையும் கடைசி வரைக்கும் கேக்கணும். அப்புறம்தான் ஒண்ணைத் தொடணும். ஏன்னா மாந்திரீகன் குரல் எந்தக் குரல்ல வேணும்னாலும் பேசும். புதுசா வர்ற போலீஸுக்கெல்லாம் மேஜையைத் தட்டித் தட்டி இதைச் சொல்லிக் குடுத்தவரே பஞ்சுதான்.

முதல் டப்பாவைத் திறந்தார். ஒரு கிழவரோட இருமல். ரெண்டாவது… ஒரு பொம்பளை, ஏதோ விலை கேட்டுக்கிட்டே இருந்தா. மூணாவது டப்பா மூடியைத் தூக்கினதும், "அப்பா… தண்ணி."

நாலாவதை அவர் திறக்கல.

வீட்டுக்கு வந்து பொண்ணு உதட்டுல டப்பாவைக் கவுத்தார். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்குச்சு… மடக். ரூம் முழுக்க அணைஞ்ச தீக்குச்சி வாசனை. பொண்ணு கண்ணைத் திறந்து, "அப்பா, மணி ரெண்டே கால்"னு சொல்லுச்சு. அந்த ரூம்ல கடிகாரமே கிடையாது. அந்தச் சந்தோஷத்துல இதெல்லாம் யார் பார்ப்பா? கட்டிப் பிடிச்சு அழுதார்.

காலையில அவர் சம்சாரம்தான் கண்டுபிடிச்சாங்க. பெத்தவளை நீ, வா, போன்னு பேசற பொண்ணு. அன்னைக்கு எழுந்து வந்து, "நீங்க தூங்கலையா? கண்ணெல்லாம் சிவந்திருக்கே"ன்னு கேட்டுச்சாம். அந்தம்மா கையில இருந்த பால் அடுப்புல கொட்டிருச்சு.

அதுக்குள்ள ஆபீஸ்ல இருந்து போன். ராத்திரி ரெண்டே காலுக்கு லாக்கப்புல அவன் கட்டையா விழுந்துட்டானாம். உடம்புல காயம் இல்ல, முகத்துல சிரிப்பு.

குற்றவாளி செத்தா கேஸ் முடிஞ்சது. கோர்ட் சீட்டைப் பிரிச்சு நாலு குடும்பத்துக்கு நாலு டப்பாவைக் குடுத்துட்டாங்க. அஞ்சாவது டப்பாவை வாங்கத்தான் ஆள் வரல. பஞ்சு தனியா உக்காந்து அதைத் திறந்தார்.

"அப்பா, விடிஞ்சிருச்சா?"

இருக்கறது ஒரு தொண்டை. அதுல ஏறினவனை இறக்கற வழி நாலாவது மாடியில யாருக்கும் தெரியல. வீட்ல இருக்கற பொண்ணு நல்லா சாப்பிடுது, நல்லாப் படிக்குது, வர்றவங்களை உபசரிக்குது. இப்ப அதுக்குப் பதினஞ்சு வயசு. டப்பாவுல இருக்கறதுக்கு இன்னும் எட்டுதான். ஏழு வருஷமா தினம் வேலை முடிஞ்சதும் ஆபீஸ்ல அந்த டப்பா ரூம்ல உக்காந்து மூடியைக் கொஞ்சம் விலக்குவார். விடிஞ்சிருச்சான்னு கேக்கும். "இன்னும் இல்ல கண்ணு, தூங்கு"ன்னு சொல்லிட்டு மூடுவார். சொல்ல வேற என்ன இருக்கு?

போன மாசம்… வழக்கம் போலக் கேட்டிருக்கு. இவர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே டப்பாவுக்குள்ள இருந்து பதில் வந்துச்சு. "இன்னும் இல்ல கண்ணு, தூங்கு." அவரோட குரல். தொண்டையைப் பிடிச்சுப் பார்த்தார்… காத்து மட்டும் வந்துச்சு.

அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான், டிபன் கொண்டு வந்த பொண்ணு டப்பா பக்கத்துல நின்னு, "மணி என்னப்பா?"ன்னு கேட்டுச்சாம். அவரும் சொன்னாராம்.

விஷயம் தெரிஞ்சு என் மச்சான் அந்த ரூமுக்கே போயிட்டார். "புகார் குடுங்க சகலை. யார் எடுத்ததுன்னுதான் தெரியுமே"ன்னு கெஞ்சியிருக்கார். பஞ்சு ஒரு பேப்பரை இழுத்து எழுதினார். "வேண்டாம். இத்தனை வருஷமா உள்ள பிள்ளை தனியாத்தான் இருந்தா."

அப்புறம், கேட்டுப் பாருங்கன்னு டப்பாவைத் தள்ளினார். ஏழு வருஷத்துல அவர் முகத்துல அன்னைக்குத்தான் ஒரு நிம்மதியைப் பார்த்தேன்னார் மச்சான். காதைக் கிட்ட வச்சா… உள்ள பஞ்சுவோட குரல் கதை சொல்லிக்கிட்டு இருக்கு. ஏதோ முயல் கதை. நடுநடுவுல பொண்ணு "ம்" கொட்டுது.

மச்சான் ரொம்ப நேரம் கேட்டாராம். மூடி வச்சுட்டு வந்துட்டார்.

"ம்" கொட்டினது ரெண்டு பேர். ரெண்டும் பொண்ணு குரல்தான்.