கட்டிலில் படுத்து ஹெட்விக் பேசியது

எதிர்ப்பெல்லாம் இல்ல டாக்டர். நான் வாய மூடுனாலும் எதிர்ப்புங்கிறீங்க, தொறந்தாலும் எதிர்ப்புங்கிறீங்க. மனசு எதையோ மறைக்குதுன்னு நீங்க தோண்டிக்கிட்டே இருக்கீங்க. நான் எதையும் மறைக்கல. இந்த வியன்னாவ விட்டுப் போங்கன்னு நேராத்தானே சொல்றேன்.

அய்யோ, இதுக்கும் எங்கப்பாவா? என் சின்ன வயசுல அவரு பட்டாளத்துக்குப் போயி திரும்பி வரல, அந்தப் பயத்தத் தூக்கி உங்க மேல போடுறேங்கிறீங்க... சரி, இருக்கட்டும். மத்த நாள்ல ஒத்துக்குவேன். இன்னைக்கு நீங்க எங்கப்பா இல்ல டாக்டர். ஹிட்லரோட படை உள்ள வந்த வாரம், தெருவுல முட்டி போட வெச்சு நடபாதைய தேய்க்கச் சொன்னாங்களே, அந்த யூத டாக்டர். உங்க கையில புண்ணு இன்னும் ஆறல. அதுக்கு என்ன அர்த்தம் சொல்வீங்க?

உங்க ஃப்ராய்டே மூட்ட கட்டிக்கிட்டு இருக்காராம், ஊரே பேசுது. அவருக்கு மனசு தெரியாதா?

நோயாளிங்கள விட்டுட்டு எப்படிப் போறதுங்கிறீங்களா? எந்த நோயாளி டாக்டர்? வெளி ரூம்ல வரிசையா உக்காந்திருப்பாங்களே, இப்ப யாரு வர்றா? யூத டாக்டர் வீட்டுப் படியேறுனா பேர எழுதிக்கிறாங்கன்னு எல்லாரும் நின்னுட்டாங்க. நான் ஒருத்திதான்.

எந்தம்பி ஃபெர்டிலப் பத்தி ஒரு தடவ சொன்னீங்க, ஞாபகமிருக்கா? குட்டக் காலு, பள்ளிக்கூடத்துல எல்லாரும் கேலி பண்ணுவாங்கன்னு சொன்னேன். அட்லர்னு ஒருத்தர் பேரச் சொல்லி, தாழ்வு மனப்பான்மைன்னு வெளக்குனீங்க. சின்னவனா உணர்றவன் என்னைக்காவது ஒருநாள் எல்லாரையும் விடப் பெரியவனா நிக்கப் பாப்பான்னு. நின்னுட்டான் டாக்டர். கையில ஹிட்லர் கட்சிப் பட்டி, கால்ல பூட்ஸு. பக்கத்து வீட்டுக்காரங்க அவனப் பாத்தா ஒதுங்கி வழி விடுறாங்க. நேத்து எங்க வீட்டுல சூப்பு குடிச்சிக்கிட்டே சொல்றான், ஏன்க்கா, உன் டாக்டர் வீட்டுல எத்தன ரூமு, வெளிச்சம் நல்லா வருமான்னு.

கோவமில்ல டாக்டர், கேளுங்க. எம்புருஷன் செத்தப்ப எனக்குப் பேச்சே நின்னு போச்சு. ஆஸ்பத்திரியில தொண்டையில கரண்டு வெச்சாங்க, இவ நடிக்கிறான்னாங்க. நீங்க மட்டுந்தான் ஒண்ணும் பண்ணாம உக்காந்திருந்தீங்க. அந்தக் குளிர்காலம் பூரா. ஒரு வார்த்த வரல, ஆனாலும் அடுத்த தடவ வாங்கன்னு கதவு வரைக்கும் வந்து வழியனுப்புனீங்க. மொத மொதல்ல குளிருதுன்னு சொன்னேன். எந்திரிச்சு உங்க கோட்டப் போத்தி விட்டீங்க. உங்க படிப்புல அப்படிச் செய்யக் கூடாதாம்ல, பின்னால நீங்களே சொன்னீங்க.

அதனாலதான் சொல்றேன். நாக்கு தவறிடுச்சுன்னு நெனைக்காதீங்க, யோசிச்சுத்தான் சொல்றேன்.

ஃபெர்டில் கீழதான் நிக்கிறான். கூட ரெண்டு பேரு. நானும் அவங்களோடதான் வந்தேன். நான் கூட்டிட்டு வரல, இங்க வர்ற வழியில அவங்களப் பாத்துட்டேன். கால்ல விழாத குறையாக் கெஞ்சுனேன், கடைசியா ஒரு தடவ பேசிட்டு வந்துர்றேன்டா, இல்லேன்னா உங்கக்காவுக்கு மறுபடி பேச்சு போயிரும்னு. சிரிச்சான். சரி பேசித் தொலக்கா, உன் சத்தம் நின்னதும் நாங்க மேல வர்றோம்னுட்டான். ஜன்னல் தொறந்திருக்கு. என் சத்தம் மட்டுந்தான் கீழ கேக்கும், என்ன பேசுறேன்னு புரியாது.

சமையக்கட்டுப் பின்படி வழியா எறங்குங்க. கரிக்கடைச் சந்துல என் நாத்தனா நிக்கிறா, பேரு கிரேட்டி. அவ புருஷன் டானூப் ஆத்துல சரக்குப் படகு ஓட்டுறவன். இருட்டுறதுக்குள்ள கெளம்புறான். பொட்டியெல்லாம் வேணாம். புத்தகம் வேணாம் டாக்டர், கெஞ்சிக் கேக்குறேன்.

எனக்கு ஒண்ணும் ஆவாது. அக்காவ அடிச்சா அடிப்பான், கொல்ல மாட்டான்.

நான் திரும்பிப் பாக்கல. செவுத்தப் பாத்துக்கிட்டே பேசுறேன். எங்கம்மா மீன் பொரிக்கிறப்ப பாடுவாங்க டாக்டர், ஒரே பாட்டு, மொத ரெண்டு வரிதான் தெரியும். ஃபெர்டில் மேசைக்கடியில உக்காந்துக்கிட்டுத் தாளம் போடுவான். நல்லாத்தான் போடுவான்...

டாக்டர், இருக்கீங்களா?

டாக்டர்?

நல்லது. அப்புறம் டாக்டர், நேத்து ஒரு கனவு கண்டேன்.