மூத்தவர் சொன்னால்தான் தேநீர்

— இன்னும் ஒருத்தரும் கோப்பையைத் தொடல, ஹர்சோனோ ஐயா. திரைச்சீலை இடுக்குல நல்லாத் தெரியுது.

— எட்டிப் பாக்காதீங்க விதூரி. வெளியுறவு அதிகாரி என் சமையக்கட்டுலேர்ந்து ஒளிஞ்சு பாத்தாங்கன்னு இந்த வீட்டுக்குப் பேர் வேண்டாம்.

— பேரு கெடக்கட்டும் ஐயா. பத்து வருஷச் சண்டை. வியட்நாம் தளபதியையும் கம்போடியப் போராளித் தலைவரையும் ஒரே கூடத்துல உக்கார வெக்க எங்க ஜகார்த்தா ஆபீஸ் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். பத்திரிகைக்காரன் மோப்பம் பிடிச்சுடுவான்னு ஊருக்கு வெளியே போகோர்ல இருக்கற உங்க வீட்டைக் கேட்டு வாங்கினோம். வந்தவங்க என்னடான்னா டீயையே மொறைச்சுக்கிட்டு இருக்காங்க.

— விஷம் கலந்திருக்கும்னு பயமோ?

— ஒரே கெட்டில்லேர்ந்து ஊத்தினதை ரெண்டு பேருமே பாத்தாங்களே.

— அப்ப, முதல்ல குடிக்கறவன் இறங்கிப் போனவன்னு கணக்கா இருக்கும்.

— இருக்கலாம். ஆனா மூஞ்சியில கோபம் தெரியல. பள்ளிக்கூடத்துப் பசங்க மாதிரி கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. அதான் எனக்குப் புரியல.

— கையைக் கட்டிக்கிட்டா? விமான நிலையத்துல அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?

— வழக்கமா சொல்றதுதான். ஜாவாக்காரங்க வீட்டுல, வீட்டுக்காரர் ‘எடுத்துக்குங்க’ன்னு சொல்ற வரைக்கும் எதையும் தொடக்கூடாதுன்னு.

— ரெண்டு பேர்கிட்டயுமா?

— தனித்தனியா... ஐயோ!

— பின்னே? ரெண்டு பேரும் மரியாதைக்குக் காத்திருக்காங்க. எதிராளி வீம்பு பண்றான்னு ஒவ்வொருத்தனும் நெனைக்கறான். போய்ச் சொல்லுங்க, போங்க.

— சொல்லிட்டு வந்துட்டேன். தளபதி சிரிக்கறார். ‘இது உங்க வீடாம்மா?’ன்னு கேக்கறார்.

— விவரமான ஆள்தான்.

— நீங்களே வந்து சொல்லிடுங்க ஐயா.

— எங்க வீட்டுல நான் சொல்ற வழக்கம் கிடையாது. மூத்தவர் வாயாலதான் வரணும். நான் சின்னவன்.

— எழுபது வயசுல சின்னவரா! மூத்தவர் எங்கே?

— பின்கட்டுல. சூர்யோ அண்ணன்.

— கூப்பிடுங்க, சீக்கிரம்.

— பேச்சு கிடையாது.

— ஒரே வீட்டுலயா?

— என் பொண்ணு கல்யாணத்துல வரவேற்பு அவர் பொறுப்பு. என் சம்பந்தியைக் கொண்டுபோய் ரெண்டாவது வரிசையில உக்கார வெச்சார். அன்னைக்கோட சரி. ஏதாச்சும் சொல்லணும்னா சமையக்காரி சுமி போய்ச் சொல்லுவா.

— தூது வேறயா! அவளை அனுப்புங்களேன்.

— சந்தைக்குப் போயிருக்கா.

— இருங்க, நானே போறேன்.

— ...என்ன சொன்னார்?

— ‘தம்பி தன் வாயால கூப்பிடட்டும்’னார்.

— நடக்காது. நான் இறங்கிப் போனேன்னா சம்பந்தி மூஞ்சியில எப்படி முழிக்கறது?

— ஐயா, கம்போடியாக்காரர் எழுந்துட்டார்! கூப்பிட்டு வெச்சு அவமானப்படுத்தறோமாம். காரைக் கேக்கறார். அவர் படியிறங்கினா இனி எந்த நாடு கூப்பிட்டாலும் ரெண்டு பேரும் வரமாட்டாங்க. சண்டை நிக்காது.

— இந்த வீட்டுக்கு வந்தவன் வாய் நனைக்காமப் போனது எங்க அப்பா காலத்துலேர்ந்து கிடையாது.

— அப்ப இன்னைக்குத்தான் முதல் தடவை. செருப்பு மாட்டறார்.

— அண்ணா! ...அண்ணா, கூடத்துக்குக் கொஞ்சம் வாங்க. விருந்தாளிங்களுக்கு நீங்கதான் சொல்லணும்.

— இதோ வந்துட்டேன்டா ஹர்சோனோ. ஆனா டீ குடிச்சதும் அவங்களை விட்டுடாதே. உன் சம்பந்தியை நான் உக்கார வெச்ச இடம் சரியா தப்பான்னு, அந்த ரெண்டு பேரும் ஒண்ணா பேசி ஒரே தீர்ப்பா சொல்லட்டும்.