ஏழாம் நம்பர் பட்டை

— மேடம், விசில் ஊதுங்க! இது என் பொண்ணு இல்ல!

— என்ன சார், விளையாடுறீங்களா? இருபது நிமிஷமா அந்தப் பாப்பா கையைப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு மீனா காட்டிட்டு இருந்தீங்க. காவல் நாற்காலியில உக்காந்து நான்தானே பாத்துட்டு இருந்தேன்.

— காட்டினேன் மேடம். பெத்த அப்பன் மாதிரியேதான் காட்டினேன். படியேறி வந்து மாஸ்க்கைக் கழட்டி விட்டா, உள்ள வேற மூஞ்சி இருக்கு!

— பதறாதீங்க. தண்ணிக்குள்ள யாரும் இல்ல. மூச்சுக்குழாய் மாட்டி மீன் பாக்கற இந்த ஸ்நார்க்கலிங் குளத்துல பன்னெண்டு குழந்தைங்க இறங்கினாங்க, பன்னெண்டு பேரும் கரையேறியாச்சு. ரெண்டு தடவை எண்ணிட்டேன்.

— உங்க கணக்கு சரியா இருந்து எனக்கென்ன மேடம்? என் புள்ள எங்க? ஆறு வயசு!

— என்ன போட்டிருந்தா?

— மஞ்சள் மிதவைச் சட்டை, நீலத் தொப்பி.

— சார், எல்லாருக்கும் நாங்க அதைத்தான் குடுக்கறோம்.

— மூக்கு அவங்கம்மா மூக்கு... ஐயோ, அதையும் மாஸ்க் மூடிடுமே! ஆங், கையில ஏழாம் நம்பர் பட்டை! இதோ... இது எப்படி இந்தப் பொண்ணு கையில?

— ஏழு உங்க பாப்பாவோடது. நானே கட்டிவிட்டேன். இருங்க, இறங்கி வரேன். நீங்க தண்ணியில இறங்கறப்ப மூஞ்சியைப் பாக்கலையா?

— எங்க மேடம், என் மாஸ்க்கோட நானே மல்லுக்கட்டிட்டு இருந்தேன். ஒரு சின்னக் கை வந்து என் கையைப் புடிச்சுது. சரி, நம்ம வாண்டுதான்னு இறங்கிட்டேன். இவளோ பேசவே மாட்டேங்குறா. சுவத்தையே பாத்துட்டு நிக்கறா.

— கண்ணு, இங்க திரும்பு. யாரும் உன்னை ஒண்ணும்... அடிப்பாவி!

— என்ன மேடம், தெரிஞ்ச புள்ளையா?

— என் புள்ள சார்!

— எது?

— நான் பெத்தது சார்! வீட்டுல பாத்துக்க ஆளில்லாம, செருப்பு வைக்கிற அறையில உக்கார வெச்சுட்டு வந்தேன். ஏண்டி, நாற்காலியை விட்டு எந்திரிக்காதேன்னு சொன்னேனா இல்லையா?

— அப்ப நீங்க எண்ணின பன்னெண்டுல...

— இவளையும் சேத்துத்தான் எண்ணியிருக்கேன். பெத்த புள்ளைன்னு தெரியாமலே இவளுக்குக் காவல் காத்திருக்கேன்! சார், எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

— எனக்கு மட்டும் ஓடுதா? "நீ ஒரு நாள் ஓய்வெடு, நான் பாத்துக்கறேன்"னு பொண்டாட்டிகிட்ட வீறாப்பா சொல்லிட்டு வந்தவன் மேடம். ஒரு புள்ளையோட வந்தேன், ஒரு புள்ளையோட போவேன். ஆனா வேற புள்ள!

— ஏய், இவர் பாப்பா எங்கடி? பக்கத்துலயே அலைக்குளம் இருக்குடி. சொல்லு! இதெல்லாம் உன்கிட்ட எப்படி வந்துச்சு?

— அவதாம்மா கழட்டிக் குடுத்தா.

— குடுத்துட்டு?

— ஒண்ணுக்குப் போனா. ரொம்ப அவசரம்னா.

— இருபது நிமிஷமாவா?

— இல்ல அங்கிள், உடனே வந்துட்டா. அதுக்குள்ள அம்மா கதவைச் சாத்திட்டாங்க. விசில் ஊதினப்புறம் யாரையும் விடமாட்டாங்கல்ல. அதோ பாருங்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என் நாற்காலியில.

— எங்க? ஐயோ... என் தங்கமே! காலை ஆட்டிட்டு உக்காந்திருக்கா மேடம். எனக்கு டாட்டா காட்டறா மேடம்! நான்... கொஞ்சம் இந்தப் படியில உக்காந்துக்கறேன்.

— உக்காருங்க சார். மூச்சை நல்லா விடுங்க. கதவைத் திறந்து விடறேன். அதுக்கு முன்னாடி உனக்கு இருக்குடி...

— திட்டாதீங்க மேடம். புள்ளைக்கும் ஆசை இருக்காதா? தைரியசாலி மேடம் உங்க பொண்ணு. வாயில குழாய் இருக்கே, பேச முடியாது. அதனால, பயப்படாதே, அப்பா இருக்கேன்னு கையை அமுக்கிட்டே இருந்தேன். அவளும் பதிலுக்கு மெல்லத் தட்டிக் குடுத்துட்டே வந்தா.

— அமுக்கினீங்களா? இங்க பாருங்க, அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கு! இவ்ளோ இறுக்கியா புடிப்பாங்க?

— புள்ள பயந்துடக் கூடாதேன்னுதான் மேடம்...

— பரவாயில்ல அங்கிள், வலிக்கல. அவ சொல்லிட்டுத்தான் போனா: "எங்கப்பாவுக்குத் தண்ணின்னா ரொம்பப் பயம், அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருக்கார். நான் வர்ற வரைக்கும் அவர் கையை விட்டுடாதே"ன்னு.